சத்தே இல்லை

இந்தக் கட்டுரையில் நான் சரிபார்த்த செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். கண்ணால் கண்டவற்றையும், அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தவற்றையும் தயங்காமல் சேர்த்திருக்கிறேன். பிறர் சொன்னது என்றால், சொன்னவரிடமே மீண்டும் சென்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் சேர்த்தேன். ஆட்களின் பெயர்கள் இல்லாமலேயே செய்தி விளங்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

இப்படியொரு கட்டுப்பாட்டை எனக்கு நானே விதித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிழைதிருத்துவது என் தொழில். பெங்களூரிலிருந்தபடியே சென்னைப் பதிப்பகங்களுக்குத் தமிழ் நூல்களின் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். ஐயமுள்ள சொல்லுக்கு எதிரே, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இடாமல் எந்தப் பக்கத்தையும் நான் கடந்ததில்லை. அப்படிப்பட்ட நான், சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, சரிபாராத இரண்டு சொற்களை என் வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொன்னேன். அதனால் என் மனைவி ஒரு விருப்பத்தைக் கைவிட்டாள். என் நண்பன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான்.

அந்த நண்பனும் நானும் கோலார் தங்கவயலில், தொழிலாளர் வரிசையில் அடுத்தடுத்த லைன் வீடுகளில் பிறந்தவர்கள். இரு தந்தையரும் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். சுரங்கம் மூடப்பட்ட பிறகு நாங்கள் பெங்களூருக்கு வந்து, லிங்கராஜபுரத்தில் அடுத்தடுத்த தெருக்களில் குடியேறினோம். அவன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சைக்கிள்கூட இருவரும் ஒரே வாரத்தில், ஒரே நிறத்தில்தான் வாங்கினோம். அவனிடம் இருந்ததெல்லாம் என்னிடமும் இருந்ததால், அவன்மீது எனக்குப் பொறாமை உண்டு என்பதே நெடுங்காலம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

என் மனைவி விவேக் நகரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சிவாஜிநகரில் இறங்கி மாறி, இரண்டு பேருந்துகளில் போய் வருகிறாள். முன்பெல்லாம் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். பிறகு அவளுக்கு இடுப்பு வலி வந்தது. சைலன்சர் சுட்டதில் காலில் ஒரு தழும்பும் விழுந்தது. "உங்க வண்டில ஏறினா எலும்பெல்லாம் தனித்தனியா எறங்குதுங்க" என்று சொல்லி ஒருநாள் ஏறுவதை நிறுத்திவிட்டாள். என் வண்டியின் பின்னிருக்கை ஆறு ஆண்டுகளாக வெறுமையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு நண்பன் தேநீருக்கு வருவான். அவன் வண்டி தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டதும் மனைவி அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவன் செருப்பைக் கழற்றி உள்ளே வரும்போது தேநீர் கொதித்திருக்கும். நான் சொல்லவரும் கதை தொடங்கிய சனிக்கிழமையன்று அந்த ஓசை கேட்கவில்லை. அழைப்புமணிதான் அடித்தது.

"இன்னாடா, கதவத் தொறக்க மனசே வரலியா?" என்றான்.

"நீ வந்த சத்தமே கேக்கலியே."

"கேக்காது. கீழ வந்து பாரு. தங்கச்சி, நீயும் வாம்மா."

கீழே கறுப்பு நிறத்தில் ஒரு மின்சார மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பெட்ரோல் தொட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூடி. அதைத் திறந்து அவன் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்து என் மனைவியிடம் நீட்டினான்.

"பெட்ரோல் ஊத்தற எடத்துல கொத்தமல்லி வெச்சுகினு வரேன் பாரு."

"பழைய வண்டியக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன். கொடுத்துவிட்டிருக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது.

"அத ஏன் குடுக்கறேன்? தங்கவயலுக்குப் போவ அது, ஊருக்குள்ள சுத்த இது. அது பெரிய வீடு, இது சின்ன வீடு."

"இருங்க, அண்ணிகிட்ட போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே வண்டியின் பின்னிருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். அடுத்து அவள் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு ரவுண்டு போலாமாண்ணா?"

போனார்கள். வண்டி நகர்ந்த ஓசைகூட இல்லை. அடுத்த தெருவைச் சுற்றி அவர்கள் திரும்பி வரும்வரை கொத்தமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். திரும்பும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு தெருமுனையிலிருந்தே எனக்குக் கேட்டது. அதை மறைக்க அந்த வண்டியில் எந்த இரைச்சலும் இல்லை.

"காத்து சத்தம் மட்டுந்தாங்க கேக்குது. அண்ணன் பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது அவருக்குக் கேக்குது" என்றாள்.

"என்ன பேசினீங்க?"

"சும்மாதான்."

என் வண்டியில் அவள் ஏறிய காலத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியதே இல்லை. பேசினாலும் கேட்டிருக்காது. அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள் என்ற ஒன்றே அன்றிரவு உணவுவரை என் வயிற்றை எரித்தது.

மறுநாளே குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, 'இரண்டாம் வண்டி' என்று தலைப்பிட்டேன். பெட்ரோல் வண்டியைத் தங்கவயல் பயணங்களுக்கு வைத்துக்கொண்டு, ஊருக்குள் ஓட்ட மின்வண்டி ஒன்று வாங்கினால், மனைவியைக் காலையில் பள்ளியில் விடலாம்; மாலையில் அழைத்து வரலாம். பின்னிருக்கை அதிராது, சுடுவதற்குச் சைலன்சரே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வண்டியன்று, அதன் பின்னிருக்கையில் அவள் என்பதை அந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

அவளிடம் சொன்னேன்; அவள் என்னைவிட வேகமாக இருந்தாள். மாடிக்குடித்தனம் என்பதால், கீழே மீட்டர் பலகைக்கு அருகில் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். வீட்டு உரிமையாளரம்மாவிடம் கன்னடத்தில் பேசி ஒரே நாளில் அனுமதி வாங்கிவிட்டாள். நண்பன், "ஒயர் நா கொண்டாறேன். ஒரு ஞாயித்துக்கெழம போதும்" என்றான். என் வண்டிக்கு வரவேண்டிய மின்சாரம்கூட அவன் கைவழியாகத்தான் வரவேண்டுமா என்று நினைத்தேன். வாயால், "சரிடா" என்றேன்.

விற்பனை நிலையத்துக்கு நாங்கள் இருவரும் சென்றோம். நின்றிருந்த வண்டியில் ஏறி அமர்ந்தேன். என் இடக்கை, இல்லாத கிளட்சைத் தேடியது. இடக்கால், இல்லாத கியரைத் தேடியது. அவள் பின்னால் ஏறி அமர்ந்து, வலக்கையை என் தோளில் வைத்தாள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கை அங்கே இருந்தது. அப்போதே வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்த கண்ணாடிச் சுவரில் எங்கள் உருவத்தைப் பார்த்தபோது, நண்பன் அதே வண்டியில் அவளை ஏற்றிச் சென்ற காட்சிதான் எனக்குத் தெரிந்தது. எந்த நிறத்தில் எடுத்தாலும், முதலில் எடுத்தவன் அவன். முதலில் அவளைச் சிரிக்கவைத்தவனும் அவன். நான் வாங்குவது எனக்கு இரண்டாம் வண்டியாக மட்டுமன்றி, அவனுக்கு அடுத்ததாகவும் இருக்கும். "இன்னும் நாலு பேர விசாரிச்சுட்டு வரோம்" என்று விற்பனையாளரிடம் சொல்லி இறங்கினேன்.

நால்வரை விசாரிக்கவில்லை. ஒருவரைத்தான் விசாரித்தேன். அவர் எங்கள் தெருக்கோடியில் பால்கடை வைத்திருப்பவர். அதே வகை மின்வண்டியில் இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் வீடுவீடாகப் பால் போடுகிறார். தாய்மொழி கன்னடம், ஆனால் எங்களிடம் பேசும்போது கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், அல்லது தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். அன்று காலை கடையில் கூட்டம். தயிர் கேட்டு ஓர் அம்மாள் என் தோளுக்குமேல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டி எப்பிடி ஓடுது?" என்று கேட்டேன்.

அவர் தலையை இருபுறமும் ஆட்டிச் சிரித்தார். "சத்தே இல்ல சார்" என்றார். பிறகு தயிர்ப் பாக்கெட்டை எடுக்கத் திரும்பிவிட்டார்.

சத்தே இல்லை! வலுவே இல்லாத வண்டி! எனக்குள் எரிந்துகொண்டிருந்தது குளிர்ந்தது. இன்னொரு கேள்வி கேட்க நேரம் இருந்தது. தயிர் வாங்கியவர் போன பிறகு கடையில் இரண்டே பேர்தான் நின்றார்கள். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில், 'பால்கடைக்காரர்: சத்தே இல்லை' என்று எழுதினேன். அவர் சொன்ன 'இல்ல' என்பதை 'இல்லை' என்று திருத்தி எழுதியது நினைவிருக்கிறது. எதிரே கேள்விக்குறி இடவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை நண்பன் தோளில் ஒயர்ச் சுருளோடு வந்தான். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் முதல் வாய் குடிக்கும்வரை காத்திருந்து நான் சொன்னேன்.

"சத்தே இல்லியாம்டா உன் வண்டில. ரெண்டு வருஷமா ஓட்டறவரு சொல்றாரு."

"யாரு?"

"பால்கடைக்காரரு."

"அவரா? எங்கிட்ட நல்லாத்தான சொன்னாரு?"

"நீ வாங்கினப்புறம் உங்கிட்ட வேற என்னத்தச் சொல்வாரு?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். "ஸ்கூலுக்குப் போற வழில மேம்பாலம் இருக்குதே, அந்த ஏத்தத்துல ரெண்டு பேரு உக்காந்தா இழுக்காது" என்றேன். இந்த வாக்கியத்தை எவரும் என்னிடம் சொல்லவில்லை. இது என் குறிப்பேட்டிலும் இல்லை. பிறர் எழுத்தில் ஒரு கால்புள்ளியைக்கூட ஆதாரமின்றிச் சேர்க்காத நான், இதை அந்த நொடியில் நானே உண்டாக்கினேன்.

"அப்ப வேணாங்க" என்றாள் மனைவி. "நீங்க ஒரு எழுத்துக்கே பத்து தடவ பாக்கறவரு. பாக்காம சொல்லமாட்டீங்க. நடுப்பாலத்துல நின்னுட்டா நான் எறங்கித் தள்ளணுமா? பஸ்ஸே போதும்."

என் சொல்லை அவள் நம்பினாள். நம்பியதால் இழந்தாள். நண்பனைத் தாழ்த்திய வேகத்தில் என் தோளிலிருந்த கையையும் நானே எடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நண்பன் எழுந்தான். "ஒயரு கீழ கெடக்கட்டும். எதுக்குனா ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒயர்ச் சுருளை மீட்டர் பலகைக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் மாட்டியிருந்தான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவன் மின்வண்டி எங்கள் தெரு வழியே போயிருக்கலாம். போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. முன்பெல்லாம் ஓசையை வைத்தே அவன் எங்கே திரும்புகிறான் என்று சொல்லிவிடுவேன். இப்போது அவன் வருவதும் போவதும் எனக்குப் புலப்படாமல் போய்விட்டது. மனைவி ஐந்து மணிக்கு அடுப்பருகே நிற்பதும், பிறகு இரண்டு கோப்பை மட்டும் போடுவதுமாக மாதங்கள் கழிந்தன.

மார்கழியில் ஒரு காலை பால் வாங்கப் போனேன். பால்கடைக்காரர் உற்சாகமாக இருந்தார். கடைக்குள் ஒரு புதிய ஃபிரிட்ஜ் நின்றது. பழையது லாரியைப்போல் உறுமும். அதன் முன்னால் நின்று பேசினால் கத்தித்தான் பேசவேண்டும். புதியதின் கதவைப் பெருமையாகத் தட்டி, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நோடி சார், பாருங்க, சத்தே இல்ல!"

புதிதாக வாங்கிய பொருளுக்குச் சத்தே இல்லை என்று எவராவது இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்வார்களா? பாலை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். காலம் கடந்து, அந்தக் கேள்விக்குறியை இட்டேன்.

"சத்துன்னு எதச் சொல்றீங்க?"

அவர் பழைய ஃபிரிட்ஜைப்போல் 'கர்ர்ர்' என்று உறுமிக் காட்டினார். "இதுதான் சார் சத்து. இதுல அது இல்ல."

"ஆறு மாசம் முன்ன வண்டியப் பத்திக் கேட்டப்ப, சத்தே இல்லன்னு சொன்னீங்களே?"

"ஹௌது, ஆமா சார், வண்டியும் அப்டிதான். விடிகாலைல பாலு போட்டுட்டு வரேன், ஒரு நாயி எந்திரிக்கறதில்ல."

"இழுவை எப்பிடி? ஏத்தத்துல?"

"நாலு கிரேட் பாலு இழுக்குது சார். மனுசன இழுக்காதா?"

கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ஓசை என்று பொருள். நம் 'சத்தம்' அதற்கு உறவான சொல். தமிழில் சத்து என்றால் வலு. இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடு உண்டு. 'பத்து' என்பதில் ஒலிக்கும் 'து' வேறு, 'பந்து' என்பதில் ஒலிக்கும் 'து' வேறு. கன்னடச் சொல்லில் வருவது 'பந்து'வின் 'து'. கன்னட எழுத்தில் அதற்குத் தனி எழுத்து இருக்கிறது; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் பிரித்தேன். 'பால்கடைக்காரர்: சத்தே இல்லை.' எழுதியதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. 'இல்ல'வைத் திருத்தியது தவிர, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். படித்தவன்தான் பிழை.

இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறேன். கன்னடத்தில் காய்கறி வாங்குகிறேன், பேருந்தில் இடம் கேட்கிறேன், தெருவில் குழந்தைகள் கூச்சலிட்டால் "சத்து மாடபேடி" என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை அறியாதவன் அல்லன் நான்.

அன்று மாலையே அடுத்த தெருவுக்கு நடந்தேன். நண்பன் வாசலில் மின்வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நடந்ததை முழுவதும் சொன்னேன். மேம்பாலத்து ஏற்றத்தைப் பற்றி நானே கட்டிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இத்தினி வருஷமா பெங்களூர்ல குந்திகினு, சத்துக்கும் சத்துக்கும் வித்தியாசம் தெரியல ஒனக்கு?"

"காதுல சரியா விழலடா."

"தோ பாரு. வயிறெரிஞ்சேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். காது கேக்கலன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. தங்கவயல்ல ஏழு லைன் தள்ளி வெளையாடும்போதும் எங்கம்மா என்னத் திட்டறத நீ அட்சரம் பிசகாம வந்து சொல்லுவே."

"வயிறெரிஞ்சேன்" என்றேன்.

"எப்பலேந்து?"

"கொத்தமல்லிலேந்து."

அவன் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றான். பிறகு சாவியை என் சட்டைப்பையில் போட்டான். "எடுத்துனு போ. தங்கச்சிய உக்கார வெச்சுகினு மேம்பாலத்துல ஏறி எறங்கு. அப்பறமா வந்து சொல்லு, சத்து இருக்குதா இல்லியான்னு. எந்த சத்துன்னு தெளிவா சொல்லணும்."

அந்த நேரத்திலும், சாவியைத் தூக்கிப் போட அவனால் முடிகிறதே என்று பொறாமைப்பட்டேன். நான் அவனிடத்தில் இருந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மேலே எவருக்கும் கேட்டிருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே நின்றபடியே, தெருவில் போவோர் வருவோர் கேட்க, நான் சொன்னது தவறு என்பதையும் ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனாள். மீட்டர் பலகையருகே தொங்கிய ஒயர்ச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துப்பட்டாவை முடிந்துகொண்டு இறங்கி வந்தாள்.

"எறங்கித் தள்ளணும்னா இப்பவே சொல்லிடுங்க. வேற செருப்பு போட்டுனு வரேன்" என்றாள்.

ஏறி அமர்ந்தாள். கையை என் தோளில் வைக்கவில்லை; பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள் என்பது கண்ணாடியில் தெரிந்தது. மேம்பாலத்தில் ஏறினோம். வண்டி இருவரையும் எளிதாக இழுத்தது. காற்றின் ஓசை மட்டுமே இருந்தது. அவள் பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அவள் சிரிப்பாளா என்று போகும்வழி முழுவதும், திரும்பும்வழி முழுவதும் காதைக் கொடுத்திருந்தேன். இறங்கியதும், "பரவால்லங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை அழைப்புமணி அடித்தது. மூன்று கோப்பைத் தேநீர் போட்டாள்.

சரிபார்த்தவை இவ்வளவே. இனித் தெரியாதவற்றைச் சொல்கிறேன். இரண்டாம் வண்டியை வாங்குவோமா என்பது இன்னும் முடிவாகவில்லை; ஒயர் ஆணியில்தான் இருக்கிறது. பால்கடையில் அன்று என் காது தவறியதா, நான்தான் தவறவிட்டேனா என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. முதல்நாள் நண்பனின் வண்டியில் போய்த் திரும்பியபோது என் மனைவி எதற்காகச் சிரித்தாள் என்பதும் தெரியாது. கேட்டால் சொல்லுவாள். நான் இன்னும் கேட்கவில்லை.